மகள் ஃபிரிட்ஜில் ஒட்டிய வேலைக் கணக்கைக் கழற்றிவிட்டேன். திரும்ப ஒட்டவா?

கேள்வி: அரைத்தூக்க அப்பா

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கி எழுதிப் பார்த்தேன். சுருக்கினால் நான் செய்தது சரி என்பது போலவே வருகிறது.

மகளுக்கு ஏழரை வயது, மகனுக்கு நாலு. மகள் கையில் பென்சில் இல்லாத நேரம் குறைவு. எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பாள், அதற்கு ஒரு படம் போடுவாள், அந்தப் படத்தை எங்காவது ஒட்டினால்தான் தூக்கம் வரும். குளியலறைக் குழாய்க்கு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் அழுகிற படம் இருக்கிறது. மின்விசிறி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் "யாரும் இல்லாத அறைக்குக் காற்று எதற்கு?" என்று ஒரு சீட்டு. மூன்று மாதம் முன்பு பூங்காவில், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பையன் ஊஞ்சல் பக்கத்திலேயே வெகுநேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தாள். அன்று மாலையே நாற்காலியோடு ஏறக்கூடிய ஊஞ்சல் ஒன்றை வரைந்தாள். அகலமான தட்டு, ஏறுவதற்குச் சரிவுப் பலகை, சக்கரம் உருளாமல் இருக்க இரண்டு கொக்கி. கொக்கி தாங்குமா என்று பார்க்கத் தம்பியை அட்டைப்பெட்டியில் உட்கார வைத்து ஆட்டினாள் (அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டிதான் போயிற்று). படத்தோடு ஒரு கடிதமும் எழுதி, பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு அனுப்பினோம். இன்றுவரை பதில் இல்லை. அவள் காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஊஞ்சல் படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன், முப்பது நாற்பது இதயம் விழுந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு தலை. கண்ணாடி போட்டது அம்மா, தாடி வைத்தது நான், இரட்டைச் சடை அவள், சுருள் சுருளாக இருப்பது தம்பி. பெயர் எழுதலாமே என்றேன். "தம்பிக்குப் படிக்கத் தெரியாதே, அப்புறம் அவன் எப்படிப் பார்ப்பான்?" என்றாள். யார் ஒரு வீட்டு வேலை செய்தாலும் அவர் கட்டத்தில் ஒரு பொட்டு ஸ்டிக்கர். சனி, ஞாயிறு இரண்டு நாள். விதிகளும் உண்டு. தான் இறைத்ததைத் தானே எடுத்து வைத்தால் கணக்கில் வராது. இந்த விதியால் தம்பிக்கு நாலு பொட்டு போயிற்று. அவளுக்கே மூன்று போயிற்று.

ஞாயிறு இரவு முடிவு: அம்மா 41, மகள் 9, நான் 7, மகன் 6.

ஏழுதானா என்று மேல்முறையீடு செய்தேன். கரண்ட் பில் கட்டினேன், வைஃபை போனபோது போனில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன், இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை என்றேன். அவள் யோசித்தாள். நியாயம்தான் என்று கீழே இன்னொரு வரிசை போட்டு, அதன் ஓரத்தில் மூடிய கண் ஒன்றை வரைந்து, எனக்கு 3 பொட்டு கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராக அம்மாவிடம் போய், "உனக்கும் கண்ணுக்குத் தெரியாத வேலை இருக்கா?" என்று கேட்டாள். தடுப்பூசித் தேதி, யாருக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது, பள்ளிக்கூடப் படிவம், எந்த மருந்து தீரப் போகிறது, தம்பி எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான்... ஸ்டிக்கர் தீர்ந்து பென்சிலால் வட்டம் போட வேண்டியதாயிற்று. 14. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தாளின் அடியில் ஒரு படமும் இருந்தது. எங்கள் வீடு. சுவர் கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. அறைக்கு ஒரு அம்மாவாக மொத்தம் ஏழு அம்மா. நான் ஒரே ஒரு ஆள், சோபாவில், கையில் போன், சோபாவைத் தாண்டி நீளும் கால்கள். மேசைக்கு அடியில் தம்பி. கூரை மேல் பூதக்கண்ணாடியோடு அவள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தொந்தரவில்லை. அன்று என் அம்மா எங்களோடு தங்க வந்தார். கதவைத் திறக்கப் போனவர் நின்று படித்தார். "பெத்த அப்பனை இப்படிக் கதவுல தொங்க விடணுமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதன்பின் அன்று முழுக்கப் பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் குடும்பம் வேறு வருவதாக இருந்தது. சனி இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தாளைக் கழற்றி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். கிழிக்கவில்லை, மடிக்கக்கூட இல்லை.

காலையில் அவள் பார்த்தாள். அழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அதே அளவில் ஒரு வெற்றுத் தாளை வெட்டி அதே இடத்தில் ஒட்டினாள். நடுவில் சின்னதாக, "இங்கே ஒரு கணக்கு இருந்தது." அதற்குக் கீழே இன்னும் சின்னதாக, "எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்." அக்கா ஒட்டினால் தானும் ஒட்ட வேண்டும் என்று தம்பி தன் உயரத்துக்கு ஒரு வெற்றுத் தாளை ஒட்டினான். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் என்று வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன கணக்கு?"

இப்போது நான் கேட்க வந்தது. திரும்ப ஒட்டவா, இல்லை இதோடு விட்டுவிடலாமா? வீட்டு விஷயம் வீட்டோடு என்பதை அவள் வாயை அடைக்காமல் எப்படிச் சொல்வது? அடுத்ததாகத் தன் தோழி வீட்டிலும் போய்க் கணக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். நினைத்தாலே வியர்க்கிறது.


மறுமொழி: மூவரின் தாய்

ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு சந்தேகம். உங்கள் அம்மா சொன்னது வந்துவிட்டது, அண்ணி கேட்டது வந்துவிட்டது, சின்னவர் ஒட்டிய தாள்கூட வந்துவிட்டது. 41 பொட்டு வாங்கியவர் என்ன சொன்னார்? தேடித் தேடிப் பார்த்தேன், தடுப்பூசித் தேதி சொல்ல வந்துவிட்டு உடனே போய்விட்டார்.

கணக்கு தப்பாக இருக்குமோ என்று மனதின் ஓரத்தில் இருந்தால் சொல்கிறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலை, பராமரிப்பு வேலையில் உலகம் முழுக்க 76.2 சதவீத நேரம் பெண்களுடையது. சராசரியாக ஒரு நாளில் பெண்கள் 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருவரை மட்டும் எடுத்தால் 48-க்கு 41, அதாவது 85 சதவீதம். மணிக்கணக்கும் பொட்டுக்கணக்கும் ஒன்றல்லதான். இருந்தாலும் பூதக்கண்ணாடி ரொம்பப் பெரிதுபடுத்திக் காட்டிவிடவில்லை.

என் கதையும் கேளுங்கள். என் மூத்தவன் ஆறு வயதில் நான் சத்தம் போட்ட நேரத்தையெல்லாம் கடிகாரப் படம் போட்டுக் குறித்து வைத்தான். முட்கள்கூடச் சரியாக இருந்தன. விருந்தாளி முன்னால் அதைக் கொண்டு வந்து காட்டினான். நான் கிழித்துவிட்டேன். இப்போது அவனுக்குப் பதினைந்து. நன்றாக எழுதுகிறான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் இழுப்பறையில் வைத்திருக்கிறீர்கள், என்னைவிடத் தேவலை.

பூங்கா அலுவலகம் பதில் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் இன்னும் போடவில்லை.


மறுமொழி: அரைத்தூக்க அப்பா

கடைசி வரியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

மனைவி என்ன சொன்னாள் என்பதை வேண்டுமென்று விடவில்லை. எழுதும்போது நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை, அது இன்னும் மோசம் என்று புரிகிறது. கணக்கு ஒட்டிய அன்று அவள் சிரித்தாள். அந்தப் படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கழற்றியது தெரிந்ததும், "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவ என்னைத்தான் வரைஞ்சிருந்தா. ஏழு தடவை" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.


மறுமொழி: ஒழுங்குக்காரன்

எல்லோரும் பாராட்டுவதால் ஒருவராவது மாற்றிச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை பெற்றவர்களுக்கு மதிப்பெண் போடுவது அழகாகத் தெரியும், பதினேழு வயதில் அதே பழக்கம் அழகாக இருக்காது. வேலை செய்யச் சொல்லிக் கொடுங்கள், அடுத்தவர் வேலையை எண்ணச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பாட்டி மனம் நோகிறது என்றால் ஒரு தாளைக் கழற்றுவதில் என்ன குற்றம்? இதற்கு மன்னிப்பு வேறு கேட்கச் சொல்வீர்கள் போலிருக்கிறது. பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கலாம், நாற்காலியையே கொடுத்துவிடக் கூடாது.


மறுமொழி: சுண்ணக்கட்டி

பதினோரு வருடமாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஏழரை வயது என்றால் என் கூட்டம்தான்.

ஒழுங்குக்காரன் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். மீதிப் பாதிக்கு, குழந்தைகள் உரிமை பற்றி ஐ.நா. 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் 12-ம் பிரிவு இருக்கிறது. தன்னைத் தொடும் விஷயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளை சொன்னபடி ஆட வேண்டும் என்று அதில் இல்லை. நாற்காலி உங்களிடமே இருக்கும், பயப்பட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது அந்த விதிதான், தான் இறைத்தது கணக்கில் வராது என்பது. அதில் அவளே மூன்று பொட்டை இழந்திருக்கிறாள், கவனித்தீர்களா? 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் நாலு வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, இனிப்பைக் கூடக் குறையப் பங்கு வைத்தார்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்யலாம். "வேண்டாம்" என்றால் இருவருக்குமே கிடையாது. தனக்குக் குறைந்தால் நாலு வயதுப் பிள்ளைகளே வேண்டாம் என்றார்கள். தனக்குக் கூடுதலாக வந்தபோதும் வேண்டாம் என்று தள்ளியது எட்டு வயதுப் பிள்ளைகள்தான். உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். இந்த வயதில் நியாயம் பேசுவது வாய்த்துடுக்கு இல்லை, பல் விழுந்து முளைப்பது மாதிரி அதற்கும் ஒரு காலம் உண்டு.

தோழி வீட்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். வகுப்பில் கணக்கெடுப்பு நடத்தும்போது மூன்று சொல்லிக் கொடுப்பேன். முதலில் கேள். வேண்டாம் என்றால் விடு. பெயர் போடாதே. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து நடந்தது. தோழி வீட்டில் அவள் விருந்தாளி. "உன் தோழி வந்து, உன்னைக் கேட்காமல், உன் அலமாரி எத்தனை நாள் கலைந்து கிடக்கிறது என்று எண்ணி ஒட்டினால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பிறகு நாலைந்து பேர் தங்கள் கணக்கெடுப்பையே மாற்றிக்கொண்டார்கள். வீட்டு விஷயம் வீட்டோடு என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் யாராவது தனக்குத் தீங்கு செய்தாலும் வெளியே சொல்லக் கூடாது போல என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அடுத்தவரைப் பற்றியதென்றால் அவரைக் கேட்டுவிட்டு ஒட்டு, உனக்குப் பயமாகவோ வலியாகவோ இருந்தால் யாரையும் கேட்காமல் சொல். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஊஞ்சல் கடிதம். நினைவூட்டல் எழுதலாம் என்று அவளுக்குத் தெரியுமா? முதல் கடிதத்தின் தேதியைப் போட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சரியான அதிகாரி யார் என்று தேடிப் பிடிப்பது உங்கள் வேலை, அதைக் கண் மூடிய வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்புக்கு மூன்றாவது கடிதத்துக்குத்தான் இரண்டு வரி பதில் வந்தது. முடியாது என்றுதான் எழுதியிருந்தார்கள். அதையும் மாட்டி வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்.


மறுமொழி: கிரேயான் துண்டு

சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். சொல்லித் தருகிறேன் என்பதுகூட மிகை, தாள் எடுத்துக் கொடுக்கிறேன்.

படத்தை வைத்துப் பயப்பட வேண்டாம். சுவர் வழியாக உள்ளே தெரியும் வீடு இந்த வயதில் சகஜம். பிரான்சில் லூக்கே என்பவர் பிள்ளைகளின் படங்களை ஆராய்ந்து 1927-லேயே இதை விளக்கியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதை வரைவது பிறகு வரும், அதற்கு முன்னால் மனதுக்குத் தெரிந்ததை எல்லாம் வரைவார்கள். வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரியும், அதனால் சுவர் தடையில்லை. நீண்ட காலுக்கும் உள்ளர்த்தம் தேடாதீர்கள். சோபாவை முதலில் வரைந்து, அப்புறம் உங்களை உட்கார வைக்க இடம் போதாமல் போயிருக்கலாம். கால் பெரிது என்றால் கோபம், கை இல்லை என்றால் பயம் என்று சோசியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பிப் பெற்றவர்கள் தூக்கம் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். படத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வரைந்தவரைக் கேளுங்கள். "இது யார்?" என்று கேட்காதீர்கள், முகம் சுருங்கிவிடும். "இந்த இடத்தைப் பற்றிச் சொல்லேன்" என்றால் போதும், அரை மணி நேரம் உங்களுடையது இல்லை.

ஏழு அம்மா மட்டும் இடம் போதாமல் வந்ததில்லை. அதை அவள் யோசித்துத்தான் செய்திருக்கிறாள்.

நான் தொட விரும்புவது இதயம் விழுந்த கதையை. அதன்பிறகு வரைவதற்கு முன்னால், "இதையும் குழுவில் போடுவியா? எத்தனை வந்தது?" என்று கேட்டாளா? கேட்டிருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்துக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் ஸ்கெட்ச் பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்ததை வேலையாக ஆக்கிவிட்டோம் என்று நான் புரிந்துகொண்டேன். என் வகுப்பில் ஸ்டார் போடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. பெற்றோர்களுக்குத்தான் அதில் வருத்தம்.

உங்கள் மகளுடைய படைப்புகளில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், அந்த வெற்றுத் தாள். எடுத்ததைச் சொல்ல எடுத்த இடத்தையே வைத்துச் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் பலருக்கு இது வராது. பின்பக்கம் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஆனால் கேட்டுவிட்டு.


மறுமொழி: நாலு பேரன் பேத்தி

கணினி பழகியதே பேத்தியால்தான், அதனால் பிழை இருந்தால் மன்னியுங்கள் தம்பி.

எல்லோரும் உங்கள் மகளைப் பற்றியும் உங்களைப் பற்றியும் பேசிவிட்டார்கள். உங்கள் அம்மா ஏன் அன்று பேச்சைக் குறைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. மகனைக் கதவில் தொங்க விட்டதற்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாளில் நாலு தலை. நாற்பத்தொரு பொட்டைப் பார்த்ததும் எனக்கானால் முதலில் என் பொட்டுகள்தான் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு மூன்று பிள்ளைகள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்ததையெல்லாம் யார் எண்ணினார்கள்? எண்ணியிருந்தால் ஊரில் உள்ள ஸ்டிக்கர் பற்றாது. ஒரு ஏழு வயதுப் பிள்ளை தன் அம்மாவுக்கு அதைச் செய்கிறது, நம் பிள்ளைகள் நமக்குச் செய்யவில்லையே என்று ஒரு நொடி வரும். அதை வெளியே சொல்ல முடியாது. அதனால்தான் "அப்பனைத் தொங்க விடணுமா" என்று வந்திருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தாரே, அன்று இரவு பாத்திரம் கழுவியது யார்? துணி மடித்தது யார்? அவருக்குக் கட்டம் உண்டா?

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். மகளை விட்டுப் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும்.


மறுமொழி: அரைத்தூக்க அப்பா

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, ஒழுங்குக்காரன் உட்பட. நீங்கள் சொன்னபடியே மன்னிப்பும் கேட்டுவிட்டேன் ஐயா.

முதலில் மனைவியிடம் பேசினேன். அது எங்களுக்குள்ளே இருக்கட்டும். நீளமான பேச்சு, சில இடங்களில் சுகமில்லாத பேச்சு.

அப்புறம் மகளிடம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். "உன்னைக் கேக்காம எடுத்துட்டேன், தப்பு" என்றேன். மடிப்பு விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன் எடுத்தே?" வெட்கமாக இருந்தது என்றேன். "கணக்கு தப்பா?" இல்லை என்றேன். "அப்போ சரி" என்றாள். நான் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. திரும்ப ஒட்டுவாள் என்று நினைத்தேன், ஒட்டவில்லை. அது பழைய கணக்காம். புதிதாகப் போட வேண்டுமாம்.

கிரேயான் துண்டு கேட்டது உண்மைதான். ஊஞ்சலுக்குப் பிறகு இரண்டு முறை "எத்தனை இதயம்?" என்று கேட்டிருக்கிறாள், நான் அதைக் குஷியாக எடுத்துக்கொண்டிருந்தேன். குழுவில் போடுவதை நிறுத்திவிட்டேன். என் அத்தை ஒருத்தி மட்டும் "ஏன் பிள்ளை இப்போ வரையறதில்லையா?" என்று கேட்கிறார்.

தோழி வீட்டு விஷயத்தில் மகளிடம் அலமாரிக் கேள்வியைக் கேட்டேன். முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தோழியை நம் வீட்டுக்கு வரச் சொல்லி நம் வீட்டையே எண்ணலாம் என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு இது எந்த விதத்தில் முன்னேற்றம் என்று தெரியவில்லை. பூங்காவுக்கு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

இப்போது அம்மா விஷயம். நாலு பேரன் பேத்தி அம்மா, நீங்கள் என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருந்தீர்கள். மகளிடம் பாட்டிக்குக் கட்டம் போடவில்லையே என்று மட்டும் சொன்னேன். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா சின்னப் பையனா இருந்தப்ப ஒரு நாள் சொல்லு, காலையில இருந்து." முதலில் ஒன்றுமில்லை என்றுதான் அம்மா ஆரம்பித்தார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன் (ஆம், மடித்துக்கொண்டிருந்தேன்). விடியுமுன் தண்ணீர் பிடித்ததில் தொடங்கி மத்தியானத்துக்கு வருவதற்குள் தாளின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. எனக்கு டைஃபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்திருந்ததை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். இரவெல்லாம் விழித்திருந்ததற்கு எத்தனை பொட்டு என்று மகள் கேட்டாள். ஒன்று போதும் என்றார் அம்மா. ராத்திரிக்கு ஒன்று என்று சொல்லிப் பதினெட்டு போட்டாள்.

பின்பக்கமும் நிறைந்தபோது அம்மா அதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு அவரே எழுந்துபோய் ஃபிரிட்ஜில் ஒட்டினார். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று இருவருக்கும் சின்னச் சண்டை. தினம் ஒரு பக்கமாகத் திருப்பி ஒட்டுகிறார்கள்.

இந்த வாரக் கணக்கு: மனைவி 29, நான் 19, அம்மா 17, மகள் 11, மகன் 8. என்னுடையது 20 ஆக இருந்தது. ஞாயிறு மாலை ஒரு பொட்டு குறைகிறதே என்று ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை இன்னொரு முறை கழுவினேன். ஈரம் காயாமல் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஸ்டிக்கருக்காகச் செஞ்சா அது வேலை இல்லப்பா" என்று ஒன்றைப் பிய்த்தாள். அந்தத் தங்க நட்சத்திர ஆராய்ச்சியை நான் அவளிடம் சொல்லவில்லை, சத்தியமாக. அடுத்த வாரம் ஸ்டிக்கரே வேண்டாம், யார் எதைச் செய்யப் பழகினார்கள் என்று படம் மட்டும் போடலாம் என்கிறாள். எனக்குப் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தைச் சரியாக மாட்டத் தெரியும் இப்போது.

வெற்றுத் தாளை அவள் அனுமதியோடு எடுத்து, பின்பக்கம் தேதி போட்டு வைத்துவிட்டேன். தம்பியின் வெற்றுத் தாள் அவன் உயரத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் எடுக்கலாமா என்று கேட்டேன். "அது என் கணக்கு" என்றான். ஒன்றுமே இல்லையேடா என்றேன். "இன்னும் ஒண்ணும் நடக்கலை" என்றான்.